நோன்புக் கஞ்சியின் விலை

ஒலியுல்லா பாய்க்கு நான்கு கடைகள் சேர்ந்தாற்போல் இருந்த காலம் மொத்தம் ஐந்து மாதம். அந்த ஐந்து மாதமும் மனிதரைக் கையில் பிடிக்க முடியவில்லை. 'சப்ரின் மெஸ் குழுமம்' என்று விசிட்டிங் கார்டு அச்சடித்துக்கொண்டு கொடைக்கானல் பஜாரில் எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். எனக்கே மூன்று கார்டு வந்து சேர்ந்தது. சப்ரின் அவருடைய மகள். கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிறாள். அவளுக்குப் பிரியாணி பிடிக்காது.

என் பெயர் தமயந்தி, இந்த ஊரில் வக்கீல். பாயின் கம்பெனிப் பத்திரங்களை எழுதியவள் நான். கம்பெனிக்காக ஒரு வழக்கை ஜெயித்துக் கொடுத்ததும் நான்தான். பிறகு அதே கம்பெனிக்கு எதிராக அவர் தங்கைக்காக வாதாடியதும் நான்தான். ஒரே ஆள் இத்தனை பக்கம் நிற்கலாமா என்று கேட்கிறவர்கள் சின்ன ஊரில் வக்கீல் தொழில் பார்த்ததில்லை.

முதல் கடை பஜாரில் ஆறு மேஜை போட்டது. ஆரம்பித்தவர் பாய் என்றாலும், பத்தொன்பது வருடமாக அதை நடத்தியது அவர் தங்கை ஷம்ஷாத் அக்காதான். அவருடைய கணவர் அபுதாபிக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். அக்கா தன் நகையை விற்றுக் கடையில் போட்டு, கடைக்கு மேலே இருந்த இரண்டு அறையில் குடியிருந்தார். சுற்றுலா வந்தவர்கள் அங்கே பிரியாணிக்கு வருவார்கள். ஊர்க்காரர்கள் மலைப்பூண்டு தட்டிப் போட்ட ரசத்துக்கு வருவோம்.

முருகானந்தமும் ரசத்துக்கு வந்தவர்தான். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறார். கேரட்டும் பூண்டும் பார்க்க மலைக்கு வரும்போதெல்லாம் இங்கே சாப்பிடுவார். ஒருநாள் இலையை மடிக்காமலே பாயைக் கூப்பிட்டு, "பாய், இந்த ரசத்த வச்சு நாலு ஊர்ல கடை போடலாம்யா, நான் போடுறேன் முதல்" என்றார். பாய்க்கு அன்றைக்கே தலைகால் புரியவில்லை.

கம்பெனி பிறந்தது. வெளிநாட்டுப் பிள்ளைகள் தங்குகிற வட்டக்கானலில் ஒன்று, லாரி டிரைவர்களை நம்பி ஒட்டன்சத்திரத்தில் ஒன்று, பழனியில் ஒன்று என்று வரிசையாகத் திறந்தார்கள். பழனிக்குப் பக்தர்கள் வருவார்களே என்று அங்கே மட்டும் சைவமாகப் போட்டு, 'சப்ரின் சைவம்' என்று போர்டு வைத்தார்கள். பாதயாத்திரை வந்தவர்கள் போர்டைப் படித்துவிட்டு அடுத்த கடைக்குப் போனார்கள். "சாம்பார் நல்லாத்தான் இருக்கு பாய், ஆனா மாலை போட்டிருக்கோம், மனசு ஒப்பலைங்க" என்று ஒருவர் மரியாதையாகச் சொல்லிவிட்டே போனாராம். தைப்பூசம் முடிந்த கையோடு அந்தக் கடையை மூடினார்கள். ஒட்டன்சத்திரத்தில் சங்கடம் வேறு. மார்க்கெட் அதிகாலை மூன்று மணிக்கு விழித்துவிடும், நம் மாஸ்டர் ஏழு மணிக்குத்தான் விழிப்பார். டிரைவர்கள் சாப்பிட்டு முடித்து லாரியை எடுத்துக்கொண்டு போன பிறகு இங்கே பரோட்டாவுக்கு மாவு பிசைவார்கள். அதையும் பிறகு மூடினார்கள்.

ஒப்பந்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கடையையும் ஒரு ஆள் நடத்துவது, கட்டடத்தின் வாடகை உரிமையைக் கம்பெனி வைத்துக்கொள்வது என்று ஏற்பாடு. பாய்க்கு வட்டக்கானல் கடையின் மேல்தான் பயம்.

"மழை பேஞ்சா ஷட்டர எறக்கிட்டுத் தூங்கிருவாங்க வக்கீலம்மா, அங்கன உள்ள பயலுக. ஏழு நாள் சேந்தாப்புல மூடுனா கடை கம்பெனிக்கு வந்துறணும்னு போடுங்க" என்றார்.

போட்டேன். எழுத்து மூலமான முன் அனுமதி இல்லாமல், தொடர்ந்து ஏழு நாட்கள் வாடிக்கையாளருக்கு உணவு வழங்காமல் கடை மூடப்பட்டிருந்தால், நடத்தும் உரிமை கம்பெனியையே சேரும். பதினொன்றாவது சரத்து. எங்கே தட்டினாலும் விரிசல் விடாத வாக்கியம் என்று அப்போது எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

எல்லாக் கடைக்கும் ஒரே மாதிரிப் பத்திரம் இருக்க வேண்டும் என்றார் முருகானந்தம். "என் தங்கச்சி கடைக்குமா?" என்று பாய் இழுத்தார். "பாய், வீட்டாளுக்கு ஒரு சட்டம் ஊராளுக்கு ஒரு சட்டம்னா எவன் மதிப்பான்?" என்று அவர் கேட்டதும் பாய் ஒத்துக்கொண்டார். ஷம்ஷாத் அக்கா என் அலுவலகத்துக்கு வந்தார். இருபத்திரண்டு சரத்துகளையும் நான் வாசித்தேன். பதினொன்றாவதை வாசித்தபோது, "நான் எங்க மூடப்போறேன்? காய்ச்சலாக் கெடந்தாலே கீழ எறங்கி வந்துருவேன்" என்று சிரித்தபடி கையெழுத்துப் போட்டார்.

அறையில் பாய், அக்கா, நான் என்று மூன்று பேர். வருடம் தவறாமல் நோன்பு மாதம் முப்பது நாளும் அந்தக் கடையின் முன் ஷட்டர் இறங்கியிருக்கும் என்பது மூன்று பேருக்கும் தெரியும். பிறை தெரிந்த அன்று வேலையாட்களை ஊருக்கு அனுப்பிவிட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். சீசனில் நோன்பு வந்தாலும் இதே வழக்கம்தான். தெரிந்தும் ஒருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. தீபாவளிக்கு மூன்று நாள் பூட்டினால் கடை லீவு என்போம். நோன்புக்குப் பூட்டியதை அந்தக் கடையில் யாரும் மூடினதாகச் சொன்னதே கிடையாது. 'கடைக்கும் நோன்பு' என்பார்கள், அவ்வளவுதான். இப்படி ஒரு பிழையை மதுரையிலிருந்து வந்த ஒரு வக்கீல் செய்திருக்க மாட்டார். எங்களுக்குத்தான் பழகிப்போய்க் கண்ணுக்கே தெரியாமல் இருந்தது.

அந்தச் சரத்தில் முதலில் மாட்டியவர் சந்தோஷ்குமார். வட்டக்கானல் கடையை நடத்தியவர், நல்ல உழைப்பாளி. ஐப்பசியில் அவர் அம்மா இறந்துபோனார். காரியம் முடிகிற வரைக்கும் பதினாறு நாள் கடையைத் திறக்கவில்லை. கடிதம் எழுதி அனுமதி கேட்க அவருக்குத் தோன்றவில்லை. தாய் செத்த வீட்டில் யாருக்குத் தோன்றும்? அந்தக் கடை அப்போது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. கம்பெனியே எடுத்து நடத்தினால் லாபம் முழுதும் வருமே என்று பாய்க்கு ஆசை வந்துவிட்டது.

தகராறு வந்தால் நடுவரிடம் போக வேண்டும் என்பது ஒப்பந்தம். நடுவர், ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர். திண்டுக்கல்லில் தன் வீட்டு மாடியிலேயே விசாரணை நடத்துவார். கம்பெனிக்காக நான் போனேன். சாட்சி சொன்ன பாயிடம், "அம்மா இறந்ததற்காக மூடியிருக்கிறாரே, அதைக் கணக்கில் எடுக்க வேண்டாமா?" என்று சந்தோஷ்குமாரின் வக்கீல் கேட்டார். "காரணம் ஆயிரம் இருக்கலாங்க. மூடுனது மூடுனதுதான்" என்றார் பாய். முந்தின நாள் நான் சொல்லிக் கொடுத்த பதில் அது. ஒரு எழுத்து பிசகாமல் சொன்னார். ஜெயித்தோம். ஷம்ஷாத் அக்கா அதற்கப்புறம் ஒரு மாதம் அண்ணனோடு பேசவில்லை என்று கேள்விப்பட்டேன். சந்தோஷ்குமார் போன பிறகு வட்டக்கானல் கடையை நடத்த ஆள் கிடைக்காமல் மூன்றாவது மாதம் கம்பெனியே அதை மூடியது தனிக்கதை.

அந்தப் பங்குனியில் நோன்பு வந்தது. பஜார் கடையின் ஷட்டரை இறக்கினார்கள், சுண்ணாம்பு அடித்தார்கள். பெருநாள் முடிந்த நான்காம் நாள், பதினொன்றாவது சரத்தைக் காட்டிக் கடையை ஒப்படைக்கச் சொல்லி ஷம்ஷாத் அக்காவுக்குக் கம்பெனியிலிருந்து நோட்டீஸ் வந்தது. கையெழுத்துப் போட்டிருந்தவர் முருகானந்தம். மூன்று கடை நஷ்டத்தையும் அவர்தான் தாங்கியிருந்தார், அதனால் கம்பெனியில் பெரும்பங்கு அவர் கைக்குப் போய்விட்டது. பஜார் இடத்தைப் பெங்களூரு காப்பிக் கடைக்காரர்கள் கேட்டிருந்தார்கள். வாடகை உரிமை கம்பெனியிடம் இருக்கிறது. குறுக்கே இருந்தது அக்காவின் நடத்தும் உரிமை ஒன்றுதான்.

பாய் என் அலுவலகத்துக்கு ஓடி வந்தார். "நோம்புக்கு மூடுறது மூடுறதாங்க? வக்கீலம்மா, நீங்களே சொல்லுங்க" என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் மேல் பாதி, என் மேல் பாதி.

வழக்கை எடுத்தேன். சரத்தை எழுதியவளே அதை எதிர்த்து வாதாடலாமா என்று நடுவர் கேட்டார். "அந்தம்மாவே இருக்கட்டும் சார், எங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லை" என்று முருகானந்தம் பெருந்தன்மையாகச் சொன்னார். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மதுரை வக்கீல் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

என்னிடம் ஒரே ஒரு பிடிதான் இருந்தது. முன் ஷட்டர் இறங்கியிருந்தாலும் நோன்பில் ஒருநாள்கூட அந்தச் சமையலறையில் அடுப்பு எரியாமல் இருந்ததில்லை. மத்தியானத் தொழுகை முடிந்ததும் அக்கா பெரிய அண்டாவில் நோன்புக் கஞ்சி வைத்துவிடுவார். அரிசி, பாசிப்பருப்பு, கொஞ்சம் கொத்துக்கறி, இஞ்சி, பூண்டு, தேங்காய்ப்பால், மல்லி, புதினா. சாயங்காலம் பின்சந்தில் தூக்குவாளியோடு ஆட்கள் நிற்பார்கள். நோன்பு வைத்தவர்கள் மட்டும் என்று இல்லை. ஜீப் டிரைவர்கள் வருவார்கள், நகராட்சியில் கூட்டுகிற சின்னத்தாயி வருவாள், பூண்டு விற்க வந்து பூம்பாறைக்குக் கடைசி பஸ்ஸுக்காகக் காத்திருக்கிற பெண்கள் வருவார்கள். யார் என்ன என்று கேட்காமல் ஊற்றுவார். வாசல்படியில் ஒரு பால்பவுடர் டப்பா இருக்கும். சிலர் பத்தோ இருபதோ போட்டுவிட்டுப் போவார்கள். டப்பா பெருநாளன்று பள்ளிவாசலுக்குப் போய்விடும்.

அந்த டப்பாவைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். கஞ்சிக்குக் காசு வாங்கினால் அது விற்பனை. விற்பனை என்றால் வாடிக்கையாளருக்கு உணவு வழங்கியாகிவிட்டது. முன்வாசலில் கொடுத்தால் என்ன, பின்சந்தில் கொடுத்தால் என்ன? கேஸ் சிலிண்டர் ரசீது, அரிசி வாங்கிய பில் எல்லாம் என்னிடம் இருந்தன. அக்கா ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

விசாரணைக்கு மூன்று நாள் முன்பிருந்தே கடைக்குப் போய் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

"காசு வாங்குனீங்களான்னு கேட்பாங்க. ஆமா, டப்பாவுல போடுவாங்கன்னு சொல்லுங்கக்கா. பொய் ஒண்ணும் இல்லையே."

"அது பள்ளிக்குப் போற காசுங்க."

"எங்க போகுதுன்னு அவங்க கேட்டாத்தானே சொல்லணும்?"

அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். புரிந்துகொண்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

விசாரணை ஆவணியில் நடந்தது. வெள்ளனே கிளம்பி அக்கா, பாய், நான் மூவரும் என் காரில் மலை இறங்கினோம். மதுரை வக்கீல் எடுத்த எடுப்பிலேயே சந்தோஷ்குமார் வழக்கில் பாய் சொன்ன சாட்சியத்தை வாசித்தார். காரணம் ஆயிரம் இருக்கலாம், மூடினது மூடினதுதான். மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நடுவர் வீட்டு வேலைக்காரிகூடத் திரும்பிப் பார்த்தாள். கடைசி நாற்காலியில் இருந்த பாய் எழுந்து, "அது வேற, இது வேற சார்" என்றார்.

"எப்படி வேறன்னு சொல்லுங்க" என்றார் நடுவர். அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பாய் உட்கார்ந்துவிட்டார். அவருக்காக நான் வருத்தப்படவில்லை. சந்தோஷ்குமாரும் இதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

பிறகு அக்காவைக் கூப்பிட்டார்கள். ஷட்டர் இறங்கியிருந்ததா, இறங்கியிருந்தது. எழுதி அனுமதி வாங்கினீர்களா, இல்லை. பின்பக்கம் கஞ்சி கொடுத்தீர்களா, கொடுத்தேன்.

"அதுக்குக் காசு வாங்குனீங்களா?"

"இல்லைங்க."

மதுரை வக்கீல் திருப்தியாக உட்கார்ந்தார். நான் எழுந்தேன். எனக்குக் கோபமாக வந்தது.

"வாசல்ல ஒரு டப்பா இருக்குமில்ல?"

"இருக்குங்க."

"வாங்க வர்றவங்க அதுல காசு போடுவாங்களா?"

"சில பேர் போடுவாங்க."

"அப்ப அது கஞ்சிக்கான காசுதானே?"

அக்கா என்னைப் பார்த்தார்.  நடுவர் பேனாவைக் கீழே வைத்தார். "அவசரமில்லம்மா. யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க சொல்ற பதில்ல கடை நிக்கலாம், போகவும் போகலாம்" என்றார். ஒரு நடுவர் அந்த அளவுக்குச் சொல்வது அபூர்வம். வழியையே காட்டிவிட்டார்.

"தெரியுங்கய்யா. ஆனா கஞ்சிக்கு வெலை கெடையாதுங்க. காசு போட்டவங்களுக்கும் போடாதவங்களுக்கும் ஒரே கரண்டிதான். நான் விக்கலைங்க."

நடுவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். முருகானந்தம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டதை நான் பார்த்தேன். அவருக்கும் அந்த இடத்தில் ஜெயிக்கப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போதும் நான்தான் ஓட்டினேன். பேசினால் கத்திவிடுவேன் என்று எனக்குத் தெரியும். வளைவுகளில் வண்டியைக் கொஞ்சம் முரட்டுத்தனமாகவே திருப்பினேன். பாய் பின்சீட்டில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

தீர்ப்பு நாற்பது நாள் கழித்து வந்தது. எதிர்மனுதாரரான அக்காவின் நேர்மையைப் பாராட்டுவதாக ஒரு பத்தி இருந்தது. அடுத்த பத்தியில் முப்பது நாளில் கடையை ஒப்படைக்க வேண்டும் என்று இருந்தது. மாடி அறைகளும் அதே கட்டடம் என்பதால் அவையும் சேர்ந்துதான். முருகானந்தம் இன்னும் ஒரு மாதம் தவணை தருவதாகச் சொல்லி அனுப்பினார்.

நகலை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். மதியக் கூட்டம் கலைந்துவிட்டிருந்தது. அக்கா சமையலறையில் அடுப்புத் திண்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். திரும்பவும் திண்டைத் துடைக்க ஆரம்பித்தார். அதுதான் எனக்கு ஆற்றாமையாகிவிட்டது. இத்தனை நாள் அடக்கி வைத்தது எல்லாம் வெளியே வந்தது.

"ஒரு வார்த்தைக்கா! ஆமான்னு ஒரே ஒரு வார்த்தை. நடுவரே எடுத்துக் கொடுத்தார். பத்தொம்பது வருசக் கடை, குடியிருக்கிற வீடு. இனி எங்க போவீங்க? உங்க அல்லா அந்த ஒரு வார்த்தைக்குக் கோவிச்சுக்குவாரா?"

"அல்லா மன்னிச்சிருவான்" என்றார் அவர். "அதுக்காக இல்லங்க."

"அப்புறம் எதுக்கு?"

துடைத்த துணியைப் பிழிந்து காயப்போட்டார். சொல்லலாமா என்று யோசிக்கிற மாதிரி இருந்தது.

"சொல்லிரலாம்னுதான் இருந்தேன். சத்தியமா. நீங்க மூணு நாளாச் சொல்லிக் குடுத்தீங்க, எனக்கும் கடை வேணும்ல? வாய் வரைக்கும் வந்துருச்சு. ஆனா கேள்வி கேட்டது நீங்களாப் போச்சே."

"நான் உங்க வக்கீல். நான் கேக்காம யார் கேப்பா?"

"நீங்க மொத மொதல்ல இந்த ஊருக்கு ஜூனியரா வந்தீங்கள்ல, அப்ப ரெண்டு நோம்பு, தெனமும் பின்சந்துக்கு வருவீங்க. டப்பா இருக்கிற பக்கமே பாக்காம, வாங்குன ஒடனே வெரசாப் போயிருவீங்க. கையில காசில்லாத புள்ளைன்னு நான் நெனச்சுக்குவேன். கஞ்சிய வெலைக்குத்தான் குடுத்தேன்னு உங்க மூஞ்சியப் பாத்து எப்படிங்க சொல்றது? உங்களுக்கு ஒரு மாதிரியா இருக்காதா?"

அது பன்னிரண்டு வருடத்துக்கு முந்தின கதை. சீனியர் சம்பளம் என்று ஒன்றும் தராத காலம். அந்த இரண்டு நோன்பு மாதமும் என்னுடைய இராச் சாப்பாடு அந்தக் கஞ்சி மட்டும்தான். அவருக்கு அது நினைவிருக்கும் என்று எனக்குத் தெரியாது. நானும் மறந்துவிட்டதாகத்தான் இத்தனை வருடம் அந்தக் கடைக்குப் போய்வந்தேன். அந்த டப்பாவை வழக்கில் இழுத்தபோதுகூட, அதில் ஒரு பைசா போடாமல் போனவர்களில் நானும் ஒருத்தி என்று எனக்கு உறைக்கவில்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது. அழவும் முடியவில்லை. ஒப்படைப்புப் பத்திரத்தை மேஜைமேல் வைத்தேன். அக்கா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார். காட்டினேன்.